சென்சார் தரவுக்குக் காவல்: டெல்லியின் காற்றும் மாணவர்களின் 36 மணி நேரமும்

காற்றையோ நீரையோ வெப்பத்தையோ அளக்கும் கருவி ஓர் எண்ணைக் காண்கிறது. அந்த எண் இடையில் யாரும் திருத்தாமல், விடுபடாமல், அளந்த இடமும் நேரமும் மாறாமல் மக்கள் பார்வைக்கு வந்து சேர வழிசெய்வதே சுற்றுச்சூழல் சென்சார் தரவின் பாதுகாப்பு. வங்கிக் கணக்கைக் காப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. வங்கியில் எண் ரகசியமாக இருக்க வேண்டும். டெல்லியின் ஆனந்த் விஹாரில் இன்று காலை எவ்வளவு நுண்தூசி இருந்தது என்பதோ ஊரறிய வேண்டிய செய்தி. அதற்குப் பூட்டு வேண்டியதில்லை. அது உண்மையான எண்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். குறித்த நேரத்துக்குள் தீர்வு உருவாக்கும் போட்டிகளான ஹேக்கத்தான்களில் பொறியியல் மாணவர்கள் கையில் எடுக்கும் சிக்கல்களில் இந்த அத்தாட்சியும் ஒன்று.

இந்தச் சிக்கல் நாட்டிலேயே மிகக் கூர்மையாகத் தெரியும் ஊர் டெல்லி. அங்கே காற்றின் எண் வெறும் தகவலாக நின்றுவிடுவதில்லை. அதைப் பார்த்துத்தான் அரசு ஆணைகள் பிறக்கின்றன. 2017 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ‘கிராப்’ என்ற படிநிலை நடவடிக்கைத் திட்டத்தின்படி, காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால் முதல் நிலை, 300-க்கு மேல் இரண்டாம் நிலை, 400-க்கு மேல் மூன்றாம் நிலை, 450-க்கு மேல் நான்காம் நிலை. நிலை ஏற ஏற, கட்டுமானப் பணி நிற்கும், பழைய வண்டிகள் சாலைக்கு வர முடியாது, லாரிகள் எல்லையில் காத்துக் கிடக்கும், பள்ளிகள் இணையவழிக்கு மாறும். 448-க்கும் 452-க்கும் இடையிலுள்ள நான்கு புள்ளிகளில் பல கோடி ரூபாயும் ஓர் ஆட்சியின் நற்பெயரும் அடங்கியிருக்கின்றன. எண்ணோடு இவ்வளவு பணமும் அரசியலும் ஒட்டிக்கொண்டால், அதைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்களும் இருப்பார்கள் என்று கொள்வதே பாதுகாப்புத் துறையின் பாலபாடம்.

எண் பிறக்கும் வழி

2025-இல் டெல்லி நகரத்தில் தொடர் காற்றுத் தரக் கண்காணிப்பு நிலையங்கள் 40 அளவில் இருந்தன. அவற்றில் 24 டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவுடையவை. மற்றவற்றை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், இந்திய வானிலை ஆய்வுத் துறை, புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் ஆகியவை நடத்துகின்றன. நான்கு கைகளில் இருக்கும் இந்த நிலையங்களின் எண்களைச் சேர்த்து, தினமும் மாலை 4 மணிக்கு மத்திய வாரியம் ஒரே எண்ணாக வெளியிடுகிறது. அமெரிக்கத் தூதரகம் சாணக்கியபுரியில் தனக்கென வைத்திருந்த கருவியின் அளவுகள் பல ஆண்டுகளாக அரசின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவின. 2025 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை உலகெங்கும் தன் தூதரகங்களின் காற்றுத் தரவைப் பகிர்வதை நிறுத்திக்கொண்டதால், அந்த ஒப்பீடும் இல்லாமல் போனது.

பி.எம். 2.5 என்ற நுண்தூசியை அளக்கும் அரசு நிலையக் கருவி பெரும்பாலும் பீட்டா கதிர் வகையைச் சேர்ந்தது. கூரைமேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் நிமிடத்துக்குச் சுமார் 16.7 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. பெரிய துகள்களைச் சுழல்பிரிப்பான் ஒதுக்கிவிடும். ஈரத்தைப் போக்க ஒரு சூடேற்றி உண்டு. மீதித் தூசி நாடாபோல் நகரும் வடிதாளில் படிகிறது. தாளின் ஒரு பக்கத்தில் கார்பன்-14 தரும் பீட்டா கதிர், மறுபக்கத்தில் அதை எண்ணும் உணர்கருவி. தூசி கூடக் கூட கதிர் குறையும். அந்தக் குறைவிலிருந்து தூசியின் எடை கணக்கிடப்படுகிறது. நைட்ரஜன் ஆக்சைடு, கந்தக டைஆக்சைடு, ஓசோன் போன்ற வாயுக்களுக்கு வேறு முறைகளில் இயங்கும் தனித்தனிப் பகுப்பான்கள் உள்ளன.

பகுப்பானிலிருந்து எண் ‘டேட்டா லாகர்’ என்ற பதிவுப்பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து மோடம் வழியாக வாரியத்தின் சர்வருக்கும், சர்வரிலிருந்து இணையப் பக்கத்துக்கும் வருகிறது. ஆக, குழாயின் வாய், வடிதாள், பகுப்பானின் அளவுத்திருத்த எண்கள், லாகர், மோடம், சர்வர், சராசரி எடுக்கும் நிரல் என்று குறைந்தது ஏழு இடங்களில் எண் தடம் மாறலாம். இவற்றில் கடைசி நான்குதான் கணினித் துறை மாணவரின் கண்ணில் முதலில் படுபவை. டெல்லியில் இதுவரை பொதுவெளியில் எழுந்த சர்ச்சைகள் பெரும்பாலும் முதல் மூன்றையும், கடைசியில் வரும் சராசரிக் கணக்கையும் பற்றியவை.

36 மணி நேரம்

ஹேக்கத்தான் என்ற பெயரில் நடந்த முதல் கூட்டமே தரவுப் பாதுகாப்பைப் பற்றியதுதான். 1999 ஜூனில் கனடாவின் கால்கரி நகரில் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் நிரலாளர்கள் பத்துப் பேர் கூடினார்கள். குறியாக்க மென்பொருளுக்கு அமெரிக்கா விதித்திருந்த ஏற்றுமதிக் கட்டுப்பாடு தொடாத மண்ணில் உட்கார்ந்து நிரல் எழுத வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். பிற்காலத்தில் அந்தச் சொல் பீட்சா, தூக்கமின்மை, பரிசுக் காசோலை என்று பொருள் விரிந்தது வேறு கதை.

இந்தியாவில் அதை அரசே நடத்தும் திருவிழாவாக்கியது ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். கல்வி அமைச்சகமும், டெல்லி வசந்த் குஞ்சில் தலைமையகம் கொண்ட அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலும் 2017 முதல் இதை நடத்துகின்றன. அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் மாநில அரசுகளும் தங்கள் அன்றாடத் தலைவலிகளைச் ‘சிக்கல் அறிக்கை’களாக எழுதித் தருகின்றன. அணிக்கு ஆறு பேர். அதில் ஒரு மாணவியாவது இருந்தே ஆக வேண்டும். முதலில் கல்லூரிக்குள் போட்டி. தேறியவர்களுக்கு நாட்டின் பல நகரங்களில் இறுதிச் சுற்று. மென்பொருள் பிரிவில் இறுதிச் சுற்று இடைவிடாத 36 மணி நேரம். கருவி செய்யும் பிரிவுக்குச் சில நாட்கள். 2024 டிசம்பரில் நடந்த இறுதிச் சுற்றில் 1,300-க்கும் மேற்பட்ட அணிகள் 51 மையங்களில் பங்கேற்றன. 54 அமைச்சகங்களும் துறைகளும் நிறுவனங்களும் 250-க்கும் மேற்பட்ட சிக்கல்களைத் தந்திருந்தன. இணையப் பாதுகாப்புக்கென்றே ‘கவச்’ என்ற தனி ஹேக்கத்தான் 2023-இல் காவல்துறை ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகத்தோடு சேர்ந்து நடத்தப்பட்டது.

சூழல் தரவும் இந்தப் பட்டியலில் இடம்பெறுகிறது. 2025-ஆம் ஆண்டுப் பட்டியலில், தானியங்கி நிலத்தடி நீர்மட்டப் பதிவுக் கருவிகள் 5,260-இன் தரவிலிருந்து நீர்வளத்தை உடனுக்குடன் மதிப்பிடும் சிக்கல் இருந்தது. கடலோரச் சதுப்புக் காடுகள் பிடித்து வைக்கும் கார்பனின் கணக்கை பிளாக்செயின் பதிவேட்டில் ஏற்றும் சிக்கலும் இருந்தது. பின்னதைத் தந்தது புவி அறிவியல் அமைச்சகம். அதன் பின்னே நின்றது சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம். கார்பன் கணக்கைப் பணமாக்கலாம் என்பதால் அதில் கைவைக்க ஆள் இருப்பார்கள் என்ற முன்னெச்சரிக்கை அந்தச் சிக்கலிலேயே அடங்கியிருக்கிறது.

ஒரு மாணவர் அணி இப்படிப்பட்ட சிக்கலுக்கு எதைச் செய்யும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் இஎஸ்பி32 பலகை. அதோடு லேசர் ஒளிச்சிதறலால் தூசியை எண்ணும் மலிவுச் சென்சார். எண்ணை அனுப்ப எம்க்யூடிடி நெறிமுறை. பாதுகாப்பு எதுவும் சேர்க்காவிட்டால் அந்த நெறிமுறை 1883 என்ற வாசல் வழியே எண்ணை அப்பட்டமாக அனுப்பும். அதே வைஃபையில் இருக்கும் எவரும் அதைப் படிக்கலாம். அந்தச் சென்சாரின் பெயரிலேயே பொய் எண்ணையும் அனுப்பலாம். நடுவர்முன் இதைச் செய்துகாட்டப் பத்து நிமிடம் போதும், பார்ப்பவர்கள் அதிர்ந்துபோவார்கள். ஆலையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவது இன்னொரு ஓட்டை. 2016-இல் உலகை உலுக்கிய மிராய் என்ற நச்சுநிரல் சுமார் 60 பொதுப் பாஸ்வேர்டுகளை மட்டும் வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் அடிமையாக்கியது.

மருந்தும் தெரிந்ததுதான். எண் போகும் பாதையைக் குறியாக்கம் செய்யலாம். ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி தந்து, அதைப் பிரித்தெடுக்க முடியாத பாதுகாப்புச் சில்லில் வைக்கலாம். ஒவ்வொரு அளவையும் அந்தச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்பலாம். சின்னஞ்சிறு சில்லுகளுக்கு இந்த வேலை பாரமாக இருக்கும் என்ற பழைய சாக்கும் இப்போது செல்லாது. ஆஸ்கான் என்ற எடை குறைந்த குறியாக்க முறையை அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2023-இல் தேர்ந்தெடுத்து, 2025 ஆகஸ்டில் தரநிலையாகவும் வெளியிட்டுவிட்டது.

அடுத்தது ஹாஷ் சங்கிலி. பேரேட்டில் ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் ‘முன்பக்கத் தொகை’ என்று எழுதிக்கொண்டே போகும் பழைய கணக்குப்பிள்ளையின் முறைதான் இது. ஒவ்வொரு அளவும் தனக்கு முந்தைய அளவின் சுருக்க முத்திரையைச் சுமந்து செல்லும். நடுவில் ஓர் எண்ணைத் திருத்தினால் அதற்குப் பின் வரும் எல்லா முத்திரைகளும் பொருந்தாமல் போகும். நாளுக்கு ஒருமுறை கடைசி முத்திரையை மட்டும் நாளிதழ் விளம்பரத்திலோ மூன்று பல்கலைக்கழக சர்வர்களிலோ வெளியிட்டுவிட்டால், வாரியமே நினைத்தாலும் பழைய கணக்கைத் திருத்த முடியாது. பிளாக்செயின் தருவதாகச் சொல்லும் நன்மையில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடுகிறது. ஒரே வாரியம் எழுதி, அதே வாரியம் நடத்தும் பதிவேட்டுக்குப் பிளாக்செயின் தேவையா என்று நடுவர்கள் கேட்டால், பல அணிகளின் படக்காட்சி பாதியாகச் சுருங்கிவிடும்.

குழாயின் வாயில்

இத்தனையையும் சரியாகச் செய்த பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. கையொப்பம் காப்பது, எண் பிறந்த பிறகு அதற்கு நேர்வதை. பிறக்கும்போதே எண் தவறாக இருந்தால், அந்தத் தவறு கையொப்பத்தோடும் முத்திரையோடும் பத்திரமாக வந்து சேரும்.

டெல்லிக்கு இதற்கு நேரடி அனுபவம் உண்டு. 2024 மே 29 அன்று, நகரின் வடமேற்கு ஓரத்திலுள்ள முங்கேஷ்பூரின் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் என்று அறிவித்தது. 2016-இல் ராஜஸ்தானின் பலோடியில் பதிவான 51 டிகிரிதான் அதுவரை நாட்டின் உச்சம். உலக ஊடகங்கள் முங்கேஷ்பூரைத் தலைப்பாக்கின. அதே நாளில் டெல்லியின் ஆதார நிலையமான சப்தர்ஜங்கில் பதிவானது 46.8. வானிலைத் துறை நிபுணர்களை அனுப்பி, தரமான கருவியை அருகில் வைத்து ஒப்பிட்டது. முங்கேஷ்பூர் சென்சார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று சில நாட்களில் அறிவித்தது. யாரும் ஊடுருவவில்லை, எதுவும் திருடு போகவில்லை. எண் கருவியிலிருந்து திரைவரை ஒழுங்காகவே வந்தது. இந்தச் சம்பவத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. அண்டை நிலையத்தோடு பொருந்தவில்லை என்று அந்த எண்ணை 46.8-க்கு இழுத்து வந்திருந்தால் அதுவும் தவறாகியிருக்கும். 3 டிகிரியைக் கழித்த பிறகும் முங்கேஷ்பூர் ஏறத்தாழ 50 டிகிரியில் வெந்துகொண்டிருந்தது.

வேண்டுமென்றே செய்யப்படும் தில்லுமுல்லுக்கும் குழாயின் வாயே வசதி. சீனாவின் சியான் நகரில் 2016-இல் சுற்றுச்சூழல் அதிகாரிகளே கண்காணிப்பு நிலையத்துக்குள் நுழைந்து, காற்றை உறிஞ்சும் வாயில் பஞ்சுநூலை அடைத்தார்கள். நிலையத்தின் சாவிக்கு நகலும் கணினியின் பாஸ்வேர்டும் அவர்களிடம் இருந்தன. 2017-இல் அவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அடுத்த ஆண்டே லின்ஃபென் நகரில் இன்னொரு வழக்கு. ஆறு நிலையங்களின் வாயை அடைத்தும் நீர் தெளித்தும் எண்ணைக் குறைத்ததற்காக, நகரச் சுற்றுச்சூழல் துறையின் முன்னாள் தலைவர் உட்பட 16 பேர் தண்டிக்கப்பட்டார்கள். இந்த இரண்டு இடத்திலும் உலகின் மிக வலுவான குறியாக்கம் இருந்திருந்தாலும் அது எதையும் கண்டுபிடித்திருக்காது.

டெல்லியிலும் குளிர்காலம் வந்தால் நீர்வண்டிகள் பேச்சுக்கு வரும். ஆனந்த் விஹார் நிலையத்தைச் சுற்றி நீர் தெளித்து எண்ணைக் குறைக்கிறார்கள் என்று 2025 அக்டோபரில் எதிர்க்கட்சியான ஆம் ஆத்மி குற்றம்சாட்டியது. மாசு மிகுந்த இடங்கள் எல்லாவற்றிலும் தூசியடக்க நீர் தெளிக்கப்படுகிறது என்பது அரசுத் தரப்பின் பதில். யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும். இதைத் தரவே சொல்லும்படி செய்ய முடியுமா என்பதுதான் ஒரு மாணவர் அணிக்குச் சுவையான கேள்வி. முடியும். நீர் தெளித்தால் பெரிய தூசியான பி.எம். 10 சட்டென்று குறையும், நுண்தூசியான பி.எம். 2.5 அவ்வளவாக அசையாது. ஆக இரண்டின் விகிதம் மாறும். அதே நேரத்தில் அந்த ஒரு நிலையத்தில் மட்டும் ஈரப்பதம் எகிறும். வாயுக்களின் அளவோ மாறாது. காற்று வீசி மாசு கலைந்திருந்தால் எல்லாமே சேர்ந்து குறைந்திருக்கும். இந்த வேறுபாட்டைப் பிடிக்கும் நிரல், பிளாக்செயினைவிட டெல்லிக்கு அதிகம் உதவும்.

தவறான இடத்தில் நிலையத்தை வைப்பதும் எண்ணைத் திரிக்கும் வழிதான். அதில் சட்டமீறலாகத் தெரியும் சம்பவம் எதுவும் நடக்க வேண்டியதில்லை. டெல்லியின் வாகன மாசு குறித்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. கண்காணிப்பு நிலையங்கள் அமைந்த இடங்கள் மத்திய வாரியத்தின் விதிகளுக்குப் பொருந்தவில்லை, அதனால் குறியீட்டின் நம்பகமே கேள்விக்குரியது என்று அது சொன்னது.

மலிவுச் சென்சார்களுக்கு வேறொரு சாபம். டெல்லியின் டிசம்பர், ஜனவரி மூடுபனியில் லேசர் சென்சார் நீர்த்துளியையும் தூசியென்று எண்ணிவிடும். சூடேற்றி இல்லாத கருவி பனி நாளில் அளவுக்கு மேல் பயமுறுத்தும். ஈரப்பதத்தைக் கொண்டு எண்ணைத் திருத்தும் சூத்திரங்கள் உண்டு. ஆனால் திருத்தப்பட்ட எண்ணை மட்டும் சேமித்து மூல எண்ணைத் தூக்கியெறிந்தால், பிறகு யாரும் சரிபார்க்க வழியில்லை. மூல எண், திருத்திய எண், திருத்திய சூத்திரத்தின் பதிப்பு ஆகிய மூன்றும் முத்திரையோடு இருக்க வேண்டும்.

காணாமல் போன மணிகள்

எண்ணைத் திருத்துவது குற்றம். எண்ணே வராமல் போவதைப் பழுது என்று சொல்லிவிடலாம். டெல்லியின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

2025 தீபாவளி அக்டோபர் 20 அன்று வந்தது. அன்றிரவின் தரவில் பல நிலையங்களில் இடைவெளிகள் இருந்தன. 37 நிலையங்களில் ஒன்பது மட்டுமே தீபாவளியன்று தொடர்ந்து இயங்கியதாக நாளிதழ்கள் எழுதியதை, நீதிமன்ற ஆலோசகர் அபராஜிதா சிங் நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நிலையங்களே இயங்காவிட்டால் கிராப் திட்டத்தை எப்போது அமல்படுத்துவது என்று எப்படித் தெரியும் என்பது அவர் கேள்வி. நீதிமன்றம் காற்றுத் தர மேலாண்மை ஆணையத்திடமும் மத்திய வாரியத்திடமும் அறிக்கை கேட்டது.

விடுபட்ட மணிகள் ஏன் முக்கியம் என்பது குறியீட்டின் விதியைப் படித்தால் புரியும். இந்தியக் காற்றுத் தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரியை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் 16 மணி நேரத் தரவு இருந்தாலே கணக்கிட அனுமதி உண்டு. ஒரு கற்பனைக் கணக்கு: பகலும் மாலையுமாக 16 மணி நேரம் நுண்தூசி கனமீட்டருக்கு 150 மைக்ரோகிராம், பட்டாசு வெடிக்கும் இரவின் 8 மணி நேரம் 700 மைக்ரோகிராம். முழு நாளின் சராசரி 333. இது 250-ஐத் தாண்டியதால் ‘கடுமை’ என்ற கடைசிப் பிரிவு. இரவின் 8 மணி நேரம் மட்டும் காணாமல் போனால் சராசரி 150; பிரிவு ‘மிக மோசம்’ என்று ஒரு படி இறங்கிவிடும். விதி ஒன்றும் மீறப்படவில்லை. 16 மணி நேரத் தரவு இருக்கிறது. ஒரு பொய் எண்கூட எழுதாமல் எண் அழகாகிவிடுகிறது.

இடைவெளி எல்லாம் சதி என்று சொல்வதும் அபத்தம். மின்தடை, அளவுத்திருத்தம், நாடா சிக்குவது, மோடம் தூங்குவது என்று நேர்மையான காரணங்கள் ஏராளம். தீபாவளி இரவில் கருவியின் அளவெல்லையே முடிந்துபோவதும் உண்டு. பரவலாகப் பயன்படும் பீட்டா கருவிகளின் வழக்கமான உச்சம் 1000 மைக்ரோகிராம்; அதற்கு மேல் காற்றில் என்ன இருந்தாலும் கருவிக்குத் தெரியாது. மக்களுக்குப் போய்ச் சேரும் குறியீட்டுக்கும் 500 என்று ஒரு கூரை உண்டு. 2024 நவம்பர் 18 அன்று அரசின் எண் 494-ஆக இருக்க, கூரையில்லாத அளவுகோலைப் பயன்படுத்தும் தனியார் செயலிகள் ஆயிரத்தைத் தாண்டிய எண்களைக் காட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். அன்று பொய் சொன்னது யார் என்று நடந்த விவாதத்தில் பாதி, அளவுகோல் எது என்று பார்க்காமல் நடந்தது.

மாணவர் கவனம் வேண்டிய இடம் இந்த இடைவெளிதான். வந்த எண்ணுக்கு முத்திரை இடுவதோடு, வராத எண்ணுக்கும் பதிவு வேண்டும். கருவி ஒவ்வொரு நிமிடமும் வரிசை எண்ணோடு ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். மின்சாரம் போனது, கதவு திறந்தது, அளவுத்திருத்தம் தொடங்கியது, நாடா தீர்ந்தது என்று ஒவ்வொன்றும் நேரத்தோடு அதே சங்கிலியில் ஏற வேண்டும். இணையம் அறுந்தால் எண்ணைத் தன்னிடம் வைத்திருந்து பிறகு அனுப்ப வேண்டும். அப்படித் தாமதமாக வந்த எண் என்ற அடையாளமும் அதில் இருக்க வேண்டும். அப்போது ‘எண் இல்லை’ என்பதற்கும் ‘எண் இருந்தது, காட்டப்படவில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாடு வெளியாருக்கும் தெரியும்.

செயற்கை நுண்ணறிவால் பிழையான எண்ணைக் களைவோம் என்று வரும் அணிகளுக்கும் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. சராசரியிலிருந்து வெகுவாக விலகியதெல்லாம் பிழை என்று கற்றுக்கொண்ட நிரலுக்குத் தீபாவளி இரவே பிழையாகத் தெரியும். நிரல் சந்தேகத்தை அடையாளமிடலாம், அழிக்கக் கூடாது.

நீதிமன்றம் கேட்கும் சான்று

இந்த ஏற்பாட்டுக்குச் சட்டக் காரணமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாகத் தரும்போது கூடவே சான்றிதழ் கேட்கிறது. அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட இடமுண்டு. ஓர் ஆலையின்மீது வழக்குத் தொடுக்கும் வாரியம், புகைபோக்கியின் சென்சார் தரவை நீதிமன்றத்தில் வைத்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வி ‘இது மாற்றப்படவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி’ என்பதாகத்தான் இருக்கும். அளந்த கணத்திலேயே முத்திரை இடப்பட்ட தரவுக்கு அந்தக் கேள்வி வலிக்காது.

ஆலைத் தரவில் இக்கட்டு இன்னும் பெரிது. மாசு மிகுந்த 17 வகைத் தொழில்கள் புகையையும் கழிவுநீரையும் தொடர்ந்து அளந்து இணையவழி அனுப்ப வேண்டும் என்று மத்திய வாரியம் 2014 பிப்ரவரியில் ஆணையிட்டது. தமிழ்நாட்டில் சென்னை கிண்டியிலுள்ள ‘கேர் ஏர்’ மையம் இப்படி வரும் தரவைக் கண்காணிக்கிறது. இந்தக் கருவியை வாங்குவதும் பராமரிப்பதும் ஆலையே. தனக்கு எதிரான சாட்சிக்குத் தானே சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு இது. பகுப்பானிலிருந்து ஆலையின் கணினியைத் தொடாமல் நேராக வாரியத்துக்கு எண் போக வேண்டும் என்ற விதி வந்ததற்குக் காரணமும் இதுவே.

நேரமும் சான்றின் ஒரு பகுதி. 2022 ஏப்ரலில் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் விடுத்த ஆணை, கணினிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையத்தோடோ தேசிய இயற்பியல் ஆய்வகத்தோடோ ஒத்துப்போகும்படி வைக்கச் சொல்கிறது. இந்திய நேரத்தைக் காக்கும் அந்த ஆய்வகம் டெல்லியின் பூசா பகுதியில் இருக்கிறது. மாசு அளக்கும் கருவிகளுக்குத் தரச்சான்று வழங்கும் பொறுப்பையும் 2019-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதனிடமே தந்தது. எடையும் நேரமும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் வாய்ப்பு டெல்லி மாணவர்களைப் போல வேறு ஊராருக்கு இல்லை.

பரிசுக்குப் பிறகு

ஹேக்கத்தான்களின் பலவீனம் 37-ஆவது மணியில் தொடங்குகிறது. காசோலையோடு படம் எடுத்த பிறகு அணி கலைகிறது. மாணவர் வேலைக்குப் போகிறார். அரசுத் துறையோ டெண்டர் இல்லாமல் ஒரு திருகாணியும் வாங்க முடியாது. டெண்டரில் கருவியின் துல்லியம், உத்தரவாதக் காலம், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் பத்தி பத்தியாக இருக்கும். பதிவுப்பெட்டி ஒவ்வொரு அளவையும் கையொப்பமிட வேண்டும், சாவி ஒப்பந்த நிறுவனத்திடம் இருக்கக் கூடாது, மூல எண் அழியக் கூடாது என்ற மூன்று வரிகள் அதில் ஏறினால், நூறு ஹேக்கத்தான் பரிசுகளைவிட அதிகம் நடக்கும்.

மாணவர்கள் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. மத்திய வாரியத்தின் டெல்லி நிலையங்களில் ஒன்று பவானா சாலையிலுள்ள டெல்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்திலும், இன்னொன்று துவாரகாவின் நேதாஜி சுபாஷ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்திலும் நிற்கின்றன. வகுப்பறையிலிருந்து நடந்துபோகும் தூரம். அரசுக் கருவியைத் தொடாமல், அதன் வெளியீட்டைக் கேட்க மட்டும் முடிகிற, பதில் எதுவும் அனுப்ப முடியாத ஒருவழிப் பெட்டியை ஒளி இணைப்பான் கொண்டு செய்யலாம். செலவு சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. அது தானாகக் கையொப்பமிட்ட ஒரு நகலைச் சேமித்துக்கொண்டே வந்தால், ஒரு குளிர்காலம் முழுக்க அரசு இணையப் பக்கத்து எண்ணோடு மணிக்கு மணி ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண்கள் ஒத்துப்போனால் வாரியத்துக்கு அதைவிடச் சிறந்த நற்சான்று கிடைக்காது. ஒத்துப்போகாத மணிகள் இருந்தால் அவை எவை என்பது தெரிந்துவிடும்.

எனவே அடுத்த ஆண்டுக்கான சிக்கல் அறிக்கையை எழுதப்போகும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ‘காற்றுத் தரவைப் பிளாக்செயினில் ஏற்றுக’ என்று கேட்காதீர்கள். குழாயின் வாய் அடைக்கப்பட்டதையும், நீர் தெளிக்கப்பட்டதையும், எட்டு மணி நேரம் காணாமல் போனதையும் தரவைக் கொண்டே கண்டுபிடிக்கும் முறையைக் கேளுங்கள். அதைச் சோதித்துப் பார்க்க அந்த இரண்டு வளாக நிலையங்களின் மூலத் தரவையும் மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள்.